படித்த பிள்ளை ஸ்பானர் பிடித்தால் என்ன குறைந்துவிடும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி வைத்திருப்பவர்களும், வண்டி ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், பரவாயில்லை.

நெட்டப்பாக்கத்தில் இருந்து மடுகரை போகிற ரோட்டில் காலை எட்டு மணிக்கு ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போகிற பையன்கள், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், பால் கேன் கட்டியவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வருவார்கள். வண்டிகளை மட்டும் கவனியுங்கள். ஒன்றில் பிரேக் லீவர் பாதி உடைந்து இரண்டு விரல் பிடிக்கிற அளவுதான் இருக்கும். இன்னொன்றில் இண்டிகேட்டர் செல்லோ டேப்பில் தொங்கும். வலது பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கும். இன்னும் சிலது நேராகப் போகும், ஆனால் ஹேண்டில் பார் மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும். எப்போதோ விழுந்த வண்டிகள். யாருக்கும் பெரிய அடி இல்லை, சிராய்ப்போடு போயிற்று. வண்டியை மட்டும் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுத்திக் கேட்டால் பதில் ஒன்றுதான். "ஷோரூம்ல ஆறாயிரம் சொல்றாங்க சார், சம்பளம் வந்ததும் பாக்கணும்." சரி, லீவரை நீயே மாற்றிக்கொள்ளலாமே என்றால், "அதெல்லாம் நமக்குத் தெரியாது சார்."

பிளஸ் டூவில் இயற்பியல் படித்த பையன் சொல்கிறான் இதை. நெம்புகோல் தத்துவம் எழுதி மார்க் வாங்கியவன். பிரேக் லீவர் என்பதே ஒரு நெம்புகோல்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சின்னதாக விழுந்த வண்டியை வீட்டு வாசலிலேயே சரி செய்வதை நான் ஆதரிக்கிறேன். அதை "ரிஸ்க்" என்றும், "படிச்சவன் செய்ற வேலையா" என்றும், "கம்பெனிக்காரன்தான் தொடணும்" என்றும் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை. ரிஸ்க் எங்கே இருக்கிறது என்று அவர்கள் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள். வீட்டில் சரி செய்ததால் விபத்து ஆவது இருக்கட்டும், எங்குமே சரி செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிற வண்டிகள்தான் நம் தெருவில் அதிகம். ஷோரூம் பில் ஒரு பக்கம் பயமுறுத்துகிறது, ஸ்பானரைத் தொடுவது இன்னொரு பக்கம் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. நடுவில் பையன் பாதி லீவரோடு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போகிறான். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் கிட்டத்தட்ட 44 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். இந்த ஊரில் யார் வீட்டுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கொண்டுவந்து காட்டிய எஸ்டிமேட்டைச் சொல்கிறேன். ரோட்டில் நெல் காய வைத்திருந்தார்கள், அதில் சறுக்கி இடது பக்கமாக விழுந்தான். 100 சிசி வண்டி, வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. வேகம் இருபதுகூட இருந்திருக்காது. எஸ்டிமேட்டில் ஹேண்டில் பார், கிளட்ச் லீவர் செட், ஃபுட் ரெஸ்ட் அசெம்பிளி, கியர் லீவர், லெக் கார்டு, ஹெட்லைட் வைசர், இண்டிகேட்டர், கண்ணாடி, லேபர் என்று வரிசையாக ஆறாயிரத்துச் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். உண்மையில் மாற்ற வேண்டியவை மூன்றே மூன்று: கிளட்ச் லீவர், ஒரு இண்டிகேட்டர், ஒரு கண்ணாடி. வில்லியனூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கியர் லீவரும் ஃபுட் ரெஸ்ட்டும் கழற்றி நிமிர்த்தியதில் சரியாயின. ஹேண்டில் பார் வளையவே இல்லை, கிளாம்ப்பில் திரும்பி இருந்தது. லெக் கார்டு நசுங்கியிருக்கிறது. அது நசுங்கத்தானே வைத்திருக்கிறார்கள்? வைசரில் ஒரு கீறல், அதோடு இப்போதும் ஓடுகிறது.

அந்தச் சர்வீஸ் சென்டர் பையன்களை நான் திட்டவில்லை. அவர்கள் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள், மேலே டார்கெட் இருக்கிறது. "நிமிர்த்துதல்" என்று கம்ப்யூட்டர் பில்லில் ஒரு வரியே கிடையாது போலிருக்கிறது. மாற்று, மாற்று, மாற்று. பழுது பார்க்கும் இடத்தில் பழுது பார்க்கும் வேலை நின்றுபோய் வெகு நாளாகிறது.

"சார், வெளியில தொட்டா வாரண்டி போயிடும்" என்பது அடுத்த பயமுறுத்தல். முதலில் ஒன்று. விழுந்து உடைந்த லீவருக்கு எந்த வாரண்டியும் கிடையாது. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. விபத்துச் சேதத்துக்கு அவர்களே காசு கேட்கிறார்கள், அப்புறம் எந்த வாரண்டி போகிறது? இரண்டாவது, இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமாக 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. குற்றச்சாட்டு என்ன? உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. அது கார் வழக்கு, பைக் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நோய் ஒன்றுதான்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "பழுதுபார்க்கும் உரிமை"க்கு ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ஒரு இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே ஓட்டுப் போட்டு வாகனங்களுக்கு இந்த உரிமையை வாங்கினார்கள். நமக்கு இன்னும் இணையதளம்தான் இருக்கிறது, சட்டம் இல்லை. ஏன் அவசரம் என்று கேட்டால், 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற வண்டிகள் எல்லாம் பிஎஸ்-6. பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சார், எச்சரிக்கை விளக்கு, அதைப் படிக்கத் தனிக் கருவி. அந்தக் கருவியும் விவரமும் கம்பெனிக் கடைக்குள்ளேயே இருந்தால், இன்னும் பத்து வருடத்தில் ஏம்பலத்திலும் கல்மண்டபத்திலும் மரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக்குகள் பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு என்று ஆகிவிடும்.

ஒரு சின்ன விஷயம். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜினைத் தானே நிறுத்துகிற ஒரு சென்சார் இருக்கிறது. வண்டியை நிமிர்த்தி ஸ்டார்ட்டரை அழுத்தினால் கிளம்பாது. சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் கிளம்பிவிடும். இது தெரியாமல் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லோடு ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தை ஒருவரும் படிப்பதில்லை. நோட்ஸ் இருந்தால்தான் படிப்போம் என்று பழகியவர்கள்!

இனி கௌரவ விஷயத்துக்கு வருகிறேன். என் கோபத்தில் பாதி இதன் மேல்தான்.

"ஒழுங்கா படிக்கலன்னா மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவ." இந்த வசனத்தைக் கேட்காத பிள்ளை நம் பள்ளிக்கூடங்களில் உண்டா? கையில் கிரீஸ் படுவது தண்டனை, பேனா மை படுவது பெருமை என்று சின்ன வயதிலேயே மண்டையில் ஏற்றிவிடுகிறோம். அழுக்குப் படுகிற வேலை யார் செய்வது, படாத வேலை யார் செய்வது என்று இந்த நாட்டில் ஒரு பழைய கணக்கு இருக்கிறதல்லவா, அந்தக் கணக்கின் பேரன்தான் இந்த வசனம். எட்டாவதோடு நின்று ஷெட்டில் சேர்ந்த பையன் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்கிறான். அவனை நாம் "படிக்காதவன்" என்கிறோம். பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன் செயின் தளர்ந்ததற்கு அவனிடம் போய் நிற்கிறான்.

ஜி.டி. நாயுடு பெயரைக் கோயம்புத்தூரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பள்ளிப் படிப்பு பிடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கி ஓட்டினாரா? கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டினார். அங்கிருந்து தொடங்கியவர்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார், பிறகு எத்தனையோ கருவிகள் செய்தார். அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் நம் பிள்ளைகள் மனப்பாடமாகப் பேசிப் பரிசு வாங்குவார்கள். அதே பிள்ளை வீட்டில் அப்பா வண்டியின் ஒரு நட்டைக் கழற்றினால் முதுகில் நாலு வைப்போம்.

பள்ளியில் கைவேலை சொல்லிக்கொடுங்கள் என்றதும் சில நண்பர்கள் "குலக்கல்வியைத் திரும்பக் கொண்டு வரச் சொல்றீங்களா" என்பார்கள். நியாயமான பயம், அதனால் பதில் சொல்கிறேன். ராஜாஜி 1953-ல் கொண்டு வந்தது பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். அப்பன் செய்வதையே மகனும் செய் என்றது அந்தத் திட்டம். எதிர்ப்பு கிளம்பியது, 1954-ல் காமராசர் வந்ததும் போயிற்று. போனது நல்லது. (நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம், அந்தச் சண்டை நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி.) நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. மெக்கானிக் மகன் மட்டும் ஸ்பானர் பிடிக்கட்டும் என்பதுதான் குலக்கல்வி. பண்ணையார் மகளும் பிடிக்கட்டும், வாத்தியார் பேரனும் பிடிக்கட்டும் என்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாத நாள், கைத்தொழில் பழக என்று எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கையில் எனக்குப் பல சண்டைகள் உண்டு. ஆனால் அந்தப் பத்து நாளில் ஒரு நாளாவது பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தலாம். களிமண்ணில் பிள்ளையார் செய்து போட்டோ எடுத்து அனுப்புவதோடு முடிந்துவிடக் கூடாது.

"மெக்கானிக் பிழைப்பு என்னாகும் சார்" என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டில் ரசம் வைக்கத் தெரிந்தவர்களால் ஹோட்டல் மூடிப்போனதா? எங்கள் ஊர் மெக்கானிக்கிடமே கேட்டேன். "லீவர் மாத்த வர்றவங்களால எனக்கு ஒண்ணும் லாபமில்ல சார், இன்ஜின் வேலைய நிறுத்திட்டு எழுந்து வரணும்" என்றார்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும்? யூடியூப் வீரர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. எனக்கு அவர்கள் மேலும் கோபம் உண்டு.

முதலில் ஆள். விழுந்து எழுந்ததும் வண்டியைத் தூக்க ஓடாதீர்கள். மணிக்கட்டு, தோள், முட்டி, தலை பாருங்கள். தலையில் இடித்திருந்தால் ஆஸ்பத்திரி. அடுத்தவருக்கு அடிபட்டிருந்தால் இது வாசலில் தீர்க்கிற விஷயமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134-ம் பிரிவுப்படி அவருக்கு மருத்துவ உதவி செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் உங்கள் கடமை. வண்டியில் கை வைக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றாலும் அவர்கள் பார்க்கும் முன் கழற்றக் கூடாது. ஆனால் சின்னச் சேதத்துக்குக் கேட்கும் முன் கணக்குப் போடுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். ஒரு முறை கேட்டால், முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற நோ கிளைம் போனஸ் போய்விடும். பலரிடம் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும்தான் இருக்கிறது. அதில் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது என்பது விழுந்த பிறகுதான் தெரிகிறது.

பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்க்காமல் சாவி போடாதீர்கள். அடுத்தது ஆக்சிலேட்டர். வலது பக்கம் விழுந்த வண்டியில் கிரிப் உள்ளே தள்ளப்பட்டு ஒட்டிக்கொள்ளும். முறுக்கி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி இரண்டிலும் திருப்பி வைத்துப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், கிளப்ப வேண்டாம்.

ஹேண்டில் கோணலாக இருந்தால், பெரும்பாலும் முன் ஃபோர்க் டி-பிளேட்டில் லேசாகத் திரும்பியிருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டி-பிளேட் போல்ட்டுகளையும் முன் ஆக்ஸில் நட்டையும் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். முன் சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை நேராக்கி, திரும்ப முடுக்குங்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன் டயரும் பின் டயரும் ஒரே அகலம். அது நமக்கு வசதி. பின் டயரை ஒட்டி ஒரு நூலை இழுத்து முன் டயர் வரை பிடியுங்கள். இரண்டு பக்கமும் நூல் ஒரே மாதிரி தொட்டால் நேர். கொத்தனார் பார்க்கிற நூல்தான், வேறு மந்திரம் இல்லை.

பிறகு முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்து ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் தட்டி நின்றால் கோன் செட் அடி வாங்கியிருக்கிறது, மெக்கானிக்கிடம் போக வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம் பக்கமாக மெல்ல நெருக்குங்கள். ரிம் எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மட்டும் கோடு விழும். கம்பி வைத்த ரிம் என்றால் ஆள் தெரிந்தவர் கம்பியை முடுக்கி நேராக்குவார். அலாய் வீலில் விரிசல் என்றால் வெல்டிங் வைக்காதீர்கள், மாற்றுங்கள்.

வளைந்த கியர் லீவரை வண்டியிலேயே வைத்துச் சுத்தியால் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பிரம்பு ஞாபகம் வருகிறது. அந்த அடி உள்ளே ஷாஃப்ட்டுக்கும் ஆயில் சீலுக்கும் போகும். ஒரு போல்ட் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும், வெளியே வைத்து நிமிர்த்துங்கள். பிரேக் லீவர், கிளட்ச் லீவர் அலுமினியம். வளைந்ததை நிமிர்த்தினால் நிமிரும், ஆனால் என்றைக்கு அவசரமாகப் பிடிக்கிறோமோ அன்றைக்கு உடையும். புதிது போடுங்கள். ஒரு போல்ட், ஒரு நட், கொஞ்சம் கிரீஸ். ஸ்பானர் மேல் ஏறி நின்று முடுக்காதீர்கள், மரை போய்விடும்.

கையை எடுக்க வேண்டிய இடங்கள்: ஃபோர்க் பைப் வளைவு, சேஸிஸ் வளைவு அல்லது விரிசல், டிஸ்க் பிரேக் ஆயில் ஒழுகுவது. இவற்றுக்கு மெக்கானிக்தான். அங்கேயும் வளைந்த ஃபோர்க் பைப்பை "பெண்டு எடுத்துத் தர்றேன்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். புதுப் பைப் போடச் சொல்லுங்கள். இந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஹெல்மெட் தரையில் அடித்திருந்தால் அதற்கு ரிப்பேரே கிடையாது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு முறை நசுங்கி நம் தலையைக் காப்பாற்றியது, இரண்டாவது முறைக்கு அதில் ஒன்றும் இல்லை. வெளியே கீறல்கூடத் தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் உள்ளதை வாங்குங்கள். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம் என்கிறது சட்டம். அந்த ஆயிரத்துக்குப் பயந்து ரோட்டோரத்தில் சட்டி மாதிரி ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆள் இல்லாத ரோட்டில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் முன்பக்கம் நடுங்குகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து எல்லா நட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், பெண்பிள்ளைகள். இப்போது நம் ஊரில் வேலைக்கும் காலேஜுக்கும் வண்டியில் போகிற பெண்கள் எத்தனை பேர்! விழுந்தால் அண்ணன் வர வேண்டும், அப்பா வர வேண்டும், அதுவரை ரோட்டோரம் நிற்க வேண்டும். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்யவும், திரும்பிய கண்ணாடியை முடுக்கவும் யாரும் வர வேண்டியதில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்றே இதையும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

என்னிடம் 8, 10, 12, 14, 17 ஸ்பானர் செட், பிளக் ஸ்பானர், கட்டிங் பிளேயர், ஒரு டப்பா கிரீஸ், நூல் உருண்டை, தேவைக்கு மேல் சாக்பீஸ் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசலில் மெக்கானிக் தம்பியும் இருப்பார், கேட்டு வைத்துவிட்டேன். லீவர் உடைந்த வண்டி, கோணல் ஹேண்டில் வண்டி இருந்தால் கொண்டு வாருங்கள். லீவரை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு கடை இருக்காது. பழைய துணி ஒன்று எடுத்து வாருங்கள். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் கூடவே வந்து திண்ணையில் உட்காரலாம், இடம் இருக்கிறது.